பக்கிங்காம் கால்வாயில் ஒரு படகுச் செலவு

வங்கக் கடலோரமாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய் ஒரே முயற்சியில் உருவானதன்று. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியதே இதன் வித்து. பின்னர், தாது வருடப் பஞ்சத்தில் வாடிய மக்களைக் கூலிக்கு அமர்த்தி, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தனர். ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது; மண் சுமந்தவர் பெயரை யார் அறிவார்?

இனிப் படகேறுவோம். வடக்கே பழவேற்காடு, 1613இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய ஊர். சென்னையைக் கடந்து தெற்கே வந்தால் பல்லவரின் மாமல்லபுரம். அடுத்துச் சதுரங்கப்பட்டினம், இங்கும் டச்சுக் கோட்டையே! முடிவில் உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம். விறகும் உப்பும் இவ்வழியே சென்னை சேர்ந்தன. காற்றிருந்தால் பாய் விரிப்பர். இல்லையேல் படகோட்டிகள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இத்தகைய பயணத்தைப் பாடுவதே. பயணிக்கு இன்பம், இழுப்பவனுக்கோ தோள் நோவு.

1965, 1966, 1976ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஆயினும் 2004 ஆழிப்பேரலையின் நீரை இது ஓரளவு தாங்கிக்கொண்டது. 2008இல் அரசு இதனைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தது. ஆனால் சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன.