செயன்முறை விளக்கக் கட்டுரை: தொலைக்கட்டுப்பாட்டுக் கார் செய்தல்



“எனது பொழுதுபோக்கு” என்ற தலைப்பைக் கண்டதும் பலர், “மனிதனுக்குப் பொழுதுபோக்கு இன்றியமையாதது” என்று தொடங்கி அரைப்பக்கம் பொதுவாகவே எழுதுவர். பழுதான விளையாட்டுக் காரைக் கழற்றி ஓடவைக்கத் தெரிந்த மாணவர்கூட, மனப்பாடம் செய்த “முத்திரை சேகரித்தல்” கட்டுரையை எழுதிவிட்டு வருவதுண்டு. “எனக்கு எழுத வராது” என்பது அவரது எண்ணம். கை அறிந்ததை ஒழுங்காகச் சொன்னாலே நல்ல கட்டுரை பிறக்கும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. அடிப்படை விதி

வாசிப்பவர் உங்கள் கட்டுரையைப் பார்த்தே அப்பொருளைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு படியிலும் என்ன செய்வது, எந்த ஒழுங்கில் செய்வது, ஏன் செய்வது ஆகிய மூன்றும் இடம்பெறட்டும். பலர் மறப்பது “ஏன்” என்பதையே.

2. கட்டுரைச் சட்டகம்

அ. முன்னுரை: ஒரு தகவல் போதும். (உ-ம்: 1898இல் நிக்கொலா டெஸ்லா நியூயோர்க்கில் சிறு படகொன்றை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார்.)
ஆ. தேவையான பொருள்கள்: அடிச்சட்டம், சில்லுகள், அச்சுகள், மோட்டர், பற்சில்லுகள், முன்சில்லுகளைத் திருப்பும் சேவோ மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, செலுத்தி, வாங்கி, பற்றரி.
இ. செய்முறை
ஈ. எச்சரிக்கை
உ. முடிவுரை

3. மாதிரிப் பந்தி (செய்முறை)

“முதலில் அடிச்சட்டத்தில் அச்சுகளையும் சில்லுகளையும் பொருத்திக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். இப்போது தடையின்றி உருளாத கார், மோட்டர் பூட்டிய பின்பும் சரியாக ஓடாது. அடுத்து மோட்டரைப் பூட்ட வேண்டும். மோட்டர் மிக விரைவாகச் சுழலும். ஆனால் அதன் திருப்பும் விசை குறைவு. ஆகவே மோட்டரில் 10 பற்களுள்ள பற்சில்லும் பின் அச்சில் 40 பற்களுள்ள பற்சில்லும் பொருத்தப்படுகின்றன. இதனால் அச்சின் வேகம் நான்கிலொன்றாகக் குறைய, திருப்பும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பின்னர் மோட்டரின் கம்பிகளை வேகக் கட்டுப்படுத்தியில் இணைத்து, அதனையும் சேவோவையும் வாங்கியுடன் இணைக்க வேண்டும். செலுத்தியின் கட்டளையை ஏற்று இவ்விரண்டுக்கும் வழங்குவது வாங்கியே. நேர், மறை முனைகளைச் சரிபார்த்து, பற்றரியை இறுதியாக இணைக்க வேண்டும். முன்னரே இணைத்தால், திறந்திருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்படலாம்.”

4. ஒழுங்கின் முக்கியத்துவம்

பின்வரும் இரண்டையும் ஒப்பிடுக.

(அ) செலுத்தியினதும் காரினதும் ஆளிகளைப் போட்டுக் காரை ஓட்டலாம்.
(ஆ) முதலில் செலுத்தியின் ஆளியைப் போட்டு, பின்னரே காரின் ஆளியைப் போட வேண்டும். நிறுத்தும்போது முதலில் காரையும் பின்னர் செலுத்தியையும் நிறுத்த வேண்டும்.

(அ)வில் இலக்கண வழு எதுவுமில்லை. ஆயினும் அதை நம்பி ஒருவர் காரின் ஆளியை முதலில் போட்டால், குறிப்பாகப் பழைய 27 மெகாஹேர்ட்ஸ் வகைகளில், வாங்கி வேறு அலைகளை ஏற்றுக் கார் தானாகப் பாயக்கூடும். (ஆ)விலுள்ள “பின்னரே” என்ற சொல்லின் ஏகாரம் அந்த விபத்தைத் தடுக்கிறது. ஓர் எழுத்துக்கு இத்தனை பொறுப்பு உண்டு.

5. எச்சரிக்கைப் பகுதி

“கவனமாக இருக்க வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள்; எதில் கவனம் என்று கூறுங்கள். உ-ம்: லிதியம் பற்றரியை அதற்குரிய மின்னேற்றியிலேயே, ஆள் அருகிலிருக்கும்போதே மின்னேற்ற வேண்டும். வீங்கிய பற்றரியைப் பயன்படுத்தலாகாது, அது தீப்பற்றக்கூடும்.

பயிற்சி

1. ஒழுங்குபடுத்துக: (அ) பற்றரியை இணைத்தல் (ஆ) காரின் ஆளியைப் போடுதல் (இ) சில்லுகளை உருட்டிப் பார்த்தல் (ஈ) செலுத்தியின் ஆளியைப் போடுதல் (உ) மோட்டரைப் பூட்டுதல்.
2. மாதிரிப் பந்தியில் “ஏன்” என்பதற்கு விடையாக அமையும் வாக்கியங்களைக் கோடிடுக.
3. பட்டம் கட்டுதல், சைக்கிள் ரியூப் ஒட்டுதல் போன்று நீங்கள் கையால் செய்து பழகிய ஒன்றைப் பற்றி ஏறத்தாழ 200 சொற்களில் எழுதுக. எழுதியதை அவ்வேலை தெரியாத நண்பரிடம் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் உங்களிடம் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.