ஸ்க்ரூவுக்கு ஒரு தீப்பெட்டி

செல்போன் சர்வீஸ் கற்க வரும் பையன்கள் முதல் நாளே கேட்பது, "அண்ணே, ப்ளோயர் எப்பப் பிடிக்கலாம்?" அது ஆறு மாதம் கழித்து. முதல் வாரம் பத்துக் காலித் தீப்பெட்டியோடு வந்தால் போதும். கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டிக்கா பஞ்சம்? மருந்து தடவிய மேல்பெட்டியைத் தூரப் போட்டுவிட்டு, உள்பெட்டிகளை மட்டும் வரிசையாக வைத்து எண் எழுதுங்கள். முதலில் கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒன்றாம் பெட்டிக்கு, அடுத்தவை இரண்டாம் பெட்டிக்கு.

இதை ஒரு போர்டைக் காவு கொடுத்துத்தான் கற்றேன். ஐபோனில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைக்கே ஸ்க்ரூ நீளம் மாறும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. குட்டை போகவேண்டிய இடத்தில் நெட்டையை விட்டேன். கடைசிச் சுற்றில் லேசாகப் பிடித்தது. இறுகுகிறது என்று நினைத்து இன்னும் அரைச் சுற்றுக் கொடுத்தேன். போர்டின் உள்ளடுக்கில் ஓடும் செம்புத் தடம் அறுந்து, போன் அப்புறம் எழவே இல்லை. இப்போதும் விரலில் அந்தப் பிடிப்பு தட்டினால் உடனே ஸ்க்ரூவை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவேன்.

வரிசைக்கு வருவோம். சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும். நிறைந்த பேட்டரி குத்துப்பட்டால் சீறுவதும் அதிகம். போனை அணைத்து, சிம் டிரேயை உருவுங்கள். அதை மறந்து போர்டைத் தூக்கி டிரே உடைத்தவர்கள் உண்டு. பேக் கவரைச் சூடேற்றிப் பசை இளகியதும் பிளாஸ்டிக் பிக்கை ஓரத்தில் மட்டும் ஓட்டுங்கள். ஆழமாக விட்டால் உள்ளே ஓடும் ஸ்ட்ரிப் கேபிள் அறும். கைரேகை சென்சார் பின்பக்கம் இருக்கும் மாடலில் கவரை வெடுக்கென்று தூக்கவே கூடாது.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டர். நைலான் குச்சியால் நெம்பி எடுங்கள், இரும்பு டுவீசர் வேண்டாம். கரண்ட் ஓடும் போர்டில் டுவீசர் முனை உரசினாலே டிஸ்பிளே லைட் போய்விடும். பூட்டும்போது இதே கனெக்டர் கடைசி. கழுகுமலையில் மலைமேல் வெட்டுவான் கோவிலை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்த பாண்டியர் காலத்துச் சிற்பிக்குப் பெயர்த்த சில்லைத் திரும்ப ஒட்ட வழியில்லை. நமக்கு உண்டு, வரிசை ஞாபகம் இருந்தால்.

உப்பிய பேட்டரிக்குச் சூடு காட்டாதீர்கள், கூர்முனையால் நெம்பாதீர்கள். மேசைக்குக் கீழே ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். கழற்றியதைக் குப்பையில் வீசாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை, ஆடிக்காற்றில் வரும் கரிசல் புழுதி. சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போனில் பாதிக்கு வியாதி அதுதான். கழற்றுமுன் பிரஷ்ஷால் சார்ஜிங் போர்ட்டைத் துடைத்துப் பாருங்கள். வேலை நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். காய்ந்த காற்றில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஐசியைச் சத்தமில்லாமல் கெடுக்கும், எர்த் பட்டை கையில் இருக்கட்டும்.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் செல்போன் பழுதுபார்ப்பு இலவசமாகக் கற்பிக்கிறார்கள். கடை போட்டபின் ஒன்றில் கறாராக இருங்கள்: போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை மாற்றித் தரச் சொல்லி யார் வந்தாலும் முடியாது என்று அனுப்பிவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய போன் வாங்கினால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

பேக் கவரை ஒட்டுவதற்கு முன் டச், கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ், ஒரு கால் எல்லாம் பார்த்துவிடுங்கள். தண்ணீர் புகாத போன் என்றால், இனி அந்த நம்பிக்கை வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். பசை தடவி ரப்பர் பேண்ட் போட்டபின், "பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி, குடுத்துரு" என்பார்கள். "நாளைக்குக் காலைல வாங்கண்ணாச்சி" என்று சொல்லுங்கள்.