வெளிநாட்டு விளக்கு நம் வீட்டில் எரிய: பிளக்கை மாற்றினால் மட்டும் போதுமா?

சபரிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் பேரீச்சம்பழம், அத்தர், போர்வை இவற்றோடு இப்போது விளக்குகளும் வருகின்றன. துபாயிலும் தோஹாவிலும் கடைகளில் கிடைக்கும் துருக்கிய வண்ணக் கண்ணாடி விளக்கு, மொராக்கோ பித்தளை விளக்கு, கோலாலம்பூரில் வாங்கிய தொங்கு விளக்கு, அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டு வந்த மேசை விளக்கு என்று எத்தனையோ. ரமலான் நெருங்கும்போது அதை ஹாலில் மாட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் பிளக் நம் சுவரில் நுழைவதில்லை. உடனே ஓர் அடாப்டர் வாங்கிச் சொருகி சுவிட்சைப் போட்டு விடுகிறோம்.

அப்போது மூன்றில் ஒன்று நடக்கும். விளக்கு நன்றாக எரியும். அல்லது 'பட்' என்று பல்பு போய்விடும். அல்லது விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அதன் உலோக உடம்பில் மின்சாரம் ஏறி நிற்கும். மூன்றாவதுதான் ஆபத்தானது. தொடும் வரை யாருக்கும் தெரியாது. தொடுவது பெரும்பாலும் குழந்தையாகவோ, துடைக்கப் போகும் வீட்டுப் பெண்ணாகவோ இருக்கும். எனவே இந்த இதழில், வெளிநாட்டு விளக்கை நம் மின்சாரத்துக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி என்பதை ஒரு பாடமாகப் பார்ப்போம்.

வடிவம் வேறு, வோல்ட் வேறு

முதலில் மனதில் பதிய வேண்டியது இது: பிளக்கின் வடிவம் ஒரு விஷயம், மின்சாரத்தின் வோல்ட் இன்னொரு விஷயம். சந்தையில் கிடைக்கும் பயண அடாப்டர் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்ட்டைக் குறைக்கவோ கூட்டவோ அதனால் முடியாது.

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமீரகம், கத்தார், குவைத், மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், துருக்கி ஆகிய நாடுகளிலும் ஏறத்தாழ இதே அளவுதான். அங்கிருந்து வரும் விளக்கில் பிளக் மட்டுமே வேறுபடும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். சவூதி அரேபியாவில் முன்பு வீடுகளில் 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது. ஆகவே அங்கே பல ஆண்டுகள் இருந்தவர்கள் கொண்டு வந்த பழைய விளக்குகளைச் சோதிக்காமல் சொருகக் கூடாது.

120 வோல்ட் பல்பை 230 வோல்ட்டில் போட்டால் என்ன ஆகும்? வோல்ட் ஏறத்தாழ இரண்டு மடங்கானால், பல்பு இழுக்கும் சக்தி இரண்டு மடங்கோடு நிற்காது. நான்கு மடங்கை நெருங்கும். 60 வாட் குண்டு பல்பு 200 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். கண் கூசும்படி ஒரு நொடி எரிந்து இழை அறுந்துவிடும். சில நேரம் கண்ணாடியும் தெறிக்கும்.

ஹெர்ட்ஸ் பற்றிச் சாதாரண பல்பு விளக்கில் கவலைப்பட வேண்டியதில்லை. சோக் வைத்த பழைய குழல் விளக்குகளுக்கே அது முக்கியம்.

உங்கள் விளக்கு எந்த வகை?

விளக்கின் அடிப்பாகத்திலோ, ஹோல்டர் அருகிலோ, ஒயரிலோ ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, பல்பைக் கழற்றி மாட்டக்கூடிய சாதாரண விளக்கு. இதில் இருப்பது ஹோல்டர், சுவிட்ச், ஒயர், பிளக் அவ்வளவே. விளக்கின் உடம்புக்கு வோல்ட் கணக்குக் கிடையாது, பல்புக்குத்தான் உண்டு. 120 வோல்ட் பல்பைக் கழற்றிவிட்டு நம் ஊர் 230 வோல்ட் எல்இடி பல்பைப் போட்டு, தேவையான பாகங்களை மாற்றினால் எந்த நாட்டு விளக்கும் இங்கே எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, எல்இடி உள்ளேயே பொருத்தப்பட்டு, செல்போன் சார்ஜர் போன்ற தனி அடாப்டரோடு வருவது. அந்த அடாப்டரில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் பிளக் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் சொருகாதீர்கள். அதன் 'அவுட்புட்' வரியில் உள்ள அதே வோல்ட் தரும் வேறு அடாப்டர் வாங்குங்கள். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பிளஸ், மைனஸ் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, தொட்டால் எரியும் விளக்கு, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள விளக்கு, சோக் வைத்த விளக்கு. இவை 120 வோல்ட்டுக்கு உரியவையாக இருந்தால் பிரிக்காதீர்கள். 230-ஐ 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மூலம் தொடு விளக்கையும் டிம்மர் விளக்கையும் எரிக்கலாம். 60 வாட் விளக்குக்கு 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் சோக் அதிலும் சூடேறும். அந்த விளக்கை விட்டுவிடுவதே நல்லது.

இனி நாம் பார்க்கப் போவது முதல் வகையை.

நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்

நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பலருக்கும் தெரியும். வளைகுடா, ஐரோப்பிய விளக்கு ஒயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். இப்போது நம் கடைகளில் விற்கும் மூன்று கோர் ஒயரிலும் இதே நிறங்களைக் காணலாம்.

அமெரிக்க ஒயரில்தான் எச்சரிக்கை வேண்டும். அங்கே கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம் வழக்கப்படி கறுப்பை நியூட்ரல் என்று எண்ணி இணைத்தால் தலைகீழாகிவிடும். அமெரிக்க மேசை விளக்குகளில் இரண்டு கோரும் ஒரே நிறத்தில் ஒட்டி வரும் தட்டை ஒயரும் உண்டு. அதில் விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வரிவரியாக இருக்கும், அது நியூட்ரல். வழவழப்பான பக்கம் ஃபேஸ்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? வெளிநாட்டு விளக்குகளில் பெரும்பாலும் திருகு ஹோல்டரே இருக்கும். அதன் அடியில் நடுவே ஒரு தகடு, சுற்றிலும் மரையுள்ள உலோக வளையம். ஃபேஸ் நடுத் தகட்டுக்கும், நியூட்ரல் வளையத்துக்கும் போக வேண்டும். மாறிவிட்டால் வளையத்தில் ஃபேஸ் நிற்கும். பல்பு மாற்றும்போது கை முதலில் படுவது அந்த மரையில்தான். அதேபோல சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

உலோக விளக்குக்கு எர்த் கட்டாயம்

பித்தளை, இரும்பு, செம்பு விளக்குகள் பல வெறும் இரண்டு ஒயரோடு வருகின்றன. ஸ்டிக்கரில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால், அது இரட்டை இன்சுலேஷன் கொண்டது, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத உலோக விளக்குக்கு மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த்தை உடம்போடு இணைத்தே ஆக வேண்டும். உள்ளே ஒயர் தேய்ந்து உடம்பில் பட்டால், மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து டிரிப்பரை விழச் செய்யும். எர்த் இல்லாவிட்டால், தொடுகிறவரின் உடம்பே வழியாகிவிடும்.

மலிவான பயண அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருப்பதில்லை. உலோக விளக்கை அவற்றில் நிரந்தரமாகச் சொருகி வைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

வாங்க வேண்டியவை

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 6 ஆம்பியர் மூன்று பின் பிளக், 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர், தேவைப்பட்டால் திருகு ஹோல்டர், எர்த் ஒயரை உடம்போடு இணைக்க ஒரு வளைய லக், 230 வோல்ட் எல்இடி பல்பு. எர்த் தேவையில்லாத விளக்குக்கும் மூன்று பின் பிளக்கையே போடுங்கள். இரண்டு பின் பிளக்கைத் திருப்பியும் சொருகலாம் என்பதால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். மூன்று பின்னில் அது நடக்காது.

செய்முறை

1. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல்பைக் கழற்றிவிடுங்கள்.

2. ஹோல்டரிலும் சுவிட்சிலும் பொறித்திருப்பதைப் படியுங்கள். '250 வோல்ட்' என்று இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். '125 வோல்ட்' என்று இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். அமெரிக்க ஹோல்டர் 26 மில்லிமீட்டர், நம் ஊர் திருகு பல்பு 27 மில்லிமீட்டர். பெரும்பாலும் ஒன்றில் ஒன்று பொருந்தும். இறுக்கமாக இருந்தால் வலிந்து திருகாமல் ஹோல்டரை மாற்றுங்கள்.

3. பழைய ஒயரை உருவும்போது புதிய ஒயரின் முனையை அதனோடு கட்டி இழுத்தால் குழாய் வழியே எளிதாக வந்துவிடும். உலோகத் துளையின் விளிம்பு ஒயரை வெட்டாமலிருக்க ரப்பர் வளையம் போடுங்கள்.

4. ஹோல்டரின் நடுத் தகட்டுக்கு ஃபேஸ், வளையத்துக்கு நியூட்ரல், உடம்புக்கு எர்த். எர்த் படும் இடத்தில் பெயிண்டையும் பாலிஷையும் சுரண்டிவிட்டு லக்கை முடுக்குங்கள்.

5. பிளக்கின் உள்ளே எல், என், ஈ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். முறையே ஃபேஸ், நியூட்ரல், எர்த். பெரிய பின் எர்த்துக்கு உரியது. ஒயரின் வெளி உறை பிளக்கின் பிடிக்குள் மாட்டியிருக்க வேண்டும்.

6. பிரிட்டன், வளைகுடா பிளக்குகளின் உள்ளே சிறிய ஃபியூஸ் உண்டு. அதை வெட்டி எறியும்போது அந்தக் காவலும் போய்விடுகிறது. எனவே மெல்லிய பழைய ஒயரோடு நம் பிளக்கைச் சேர்க்காமல் ஒயரையும் புதிதாகப் போடுவதே சரி.

7. வண்ணக் கண்ணாடி விளக்கு போன்ற மூடிய விளக்குகளில் 5 வாட் அளவில் சிறிய எல்இடி போடுங்கள். மூடிய இடத்தில் சூடு தங்கினால் பல்பு சீக்கிரம் கெட்டுவிடும்.

8. தொங்கு விளக்கின் பாரம் சங்கிலியில் இருக்க வேண்டும், ஒயரில் அல்ல.

எரிப்பதற்கு முன் சோதனை

எலக்ட்ரீஷியன்களிடம் சீரிஸ் போர்டு இருக்கும். பல்பைப் போடாமல், விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு அந்தப் போர்டில் சொருகினால் சோதனை பல்பு எரியக் கூடாது. எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால், எதிலும் சொருகாத நிலையில், பிளக்கின் எர்த் பின்னுக்கும் விளக்கின் உடம்புக்கும் தொடர்பு காட்ட வேண்டும். ஃபேஸ் பின்னுக்கும் உடம்புக்கும் காட்டக் கூடாது. நியூட்ரல் பின்னுக்கும் அப்படியே. இதெல்லாம் சரியாக இருந்த பிறகே பல்பை மாட்டுங்கள்.

சுவரில் உள்ள சாக்கெட்டையும் மறக்க வேண்டாம். எர்த் துளை மேலே இருக்கும்படி நேரே நின்று பார்த்தால் வலது துளையில்தான் ஃபேஸ் வர வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் துளை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. அப்படியானால் விளக்கில் நாம் போட்ட எர்த்தால் பயன் இல்லை. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் பெரிய பாதுகாப்பு. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

யார் செய்வது?

மேலே சொன்னதைப் படித்ததும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரலாம். பிளக் மாட்டுவதைப் பெரியவர்கள் அருகிலிருந்து கற்றுக்கொடுக்கலாம். உலோக விளக்கு, தொங்கு விளக்கு, சாக்கெட் ஆகியவற்றின் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் உம்மாவோ சகோதரியோ வேலை முடிந்ததும் அவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: ஃபேஸ் நடுத் தகட்டில் இருக்கிறதா? எர்த் உடம்போடு சேர்ந்திருக்கிறதா? சாக்கெட்டில் எர்த் வருகிறதா? நல்ல வேலைக்காரர் மூன்றையும் டெஸ்டரும் மீட்டரும் வைத்துக் காட்டிவிட்டே போவார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளக்கு வாங்கும் முன் அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். எத்தனை வோல்ட், எந்த ஹோல்டர், சதுரத்துக்குள் சதுரம் உண்டா என்று இங்கிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். இன்ஷா அல்லாஹ், ஆசையாக வாங்கி வருவது அட்டைப் பெட்டியிலேயே கிடக்காமலும், யாருக்கும் ஆபத்தாக முடியாமலும் வீட்டுக்கு வெளிச்சம் தரும்.