அஞ்சச் செல்லும் கோட்டம்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன் என வகுத்தார். அஞ்சத்தக்கதை விட்டு விலகுவதே மக்கள் இயல்பு. ஆயின் இன்று பொருட்காட்சித் திடல்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் ‘பேய் வீடு’ அமைக்கப்பெறுகிறது. நுழைவுச்சீட்டுப் பெற்று, வரிசையில் நின்று, அஞ்சுவதற்கென்றே மக்கள் உள்ளே செல்கின்றனர். சாரல் காலத்தில் குற்றாலம் சென்று குளித்து மகிழ்ந்த நம் ஆய்க்குடிப் பெரியவர்கள், காசு கொடுத்து அஞ்சவும் செல்வதுண்டோ என்று வியப்பர். இவ்வியப்புக்கு நம் இலக்கியங்களிலேயே விடை காண்கிறோம்.

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காளியின் காட்டையும் கோயிலையும் பாடி, பின்னர்ப் பேய்களையும் பாடுகின்றார். பசியால் வாடிய அப்பேய்கள் கலிங்கப் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. படிக்கும் நமக்கோ அச்சத்தினும் நகையே மிகுகிறது. காரணம், நாம் களத்தில் இல்லை. ஏட்டின் இப்பால் இருக்கிறோம். பேய் வீட்டின் இன்பமும் இத்தகையதே. 1862இல் இலண்டனில் பெப்பர் என்பார், சாய்த்து நிறுத்திய கண்ணாடியில் மறைவிலிருந்த உருவத்தின் நிழலை விழச்செய்து, மேடையில் பேயைக் காட்டினார். கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969இல் திறக்கப்பெற்ற பேய் மாளிகையிலும் இவ்வுத்தியே கையாளப்பெற்றது. காண்போர் அது பொய்யென அறிவர். வெளியேறும் வாயில் உண்டென்பதையும் அறிவர். ஆதலின் அலறியவர் மறுகணமே சிரிக்கின்றனர்.

இவ்வறிவு இல்லாதவன் நிலை யாது? மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதனைக் காட்டுகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டை அடுத்திருந்தது அக்கோட்டம். தனிவழியே சென்ற சார்ங்கலன் என்னும் இளைஞன் அவ்விடத்தே பேய் ஆடக் கண்டான். நடுங்கி ஓடித் தாய் கோதமையிடம் கூறி உயிர் நீத்தான். தாயின் கதறல் கேட்டு வந்த சம்பாபதித் தெய்வம், அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை என்றும், மகனது மருட்சியைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவனுயிரைக் கவர்ந்தது என்றும் விளக்கியது. கொன்றது பேயன்று என்னும் கருத்து ஈண்டு நோக்கத்தக்கது.

1984 மே 11ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துப் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டையில் தீப்பற்றி 8 இளைஞர் மாண்டனர். அங்கும் கொன்றது பேயன்று, தீயும் புகையுமே. அச்சத்தை விற்போர் முதற்கண் தர வேண்டியது, தடையற்ற வெளிவாயில் அன்றோ?

பிறர் துயரைப் பேயாக்குவது மற்றொரு பிழை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணியரோடு தொடர்வண்டியையும் கடல் கொண்டது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பெற்ற பின் பெருந்திரளானோர் அங்குச் செல்கின்றனர். சிலர் அதனைப் ‘பேய் நகரம்’ என விளம்பரம் செய்கின்றனர். இடிந்த தேவாலயச் சுவரும் நிலையச் சுவரும் கேளிக்கைப் பொருள்கள் அல்ல, மாண்டோரின் நினைவிடங்கள். மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழும் மண்ணைப் பேயூர் என்பது பொருந்துமா?

விளையாட்டு அச்சத்திற்கு, அஞ்சுபவனின் இசைவே அடிப்படை. விடுதிக்குப் புதிதாக வரும் மாணவனை நள்ளிரவில் வெள்ளைத் துணி போர்த்தி மருட்டுவோர் இதனை உணர்தல் வேண்டும். தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் பகடிவதையைக் குற்றமாக்கியுள்ளது. அவன் நுழைவுச்சீட்டுப் பெற்று வந்தவன் அல்லன். சார்ங்கலனைப் போல அறியாது வந்தவன். அவனுக்கும் வழி பார்த்திருக்கும் கோதமை ஒருத்தி உண்டு என்பதை நாம் மறவாதிருப்போமாக.