மரத்தின்மேல் ஒரு விருந்து

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு என்று நம் சங்க மேடையில் பலரும் பேசக் கேட்டிருக்கிறேன், நானும் முழங்கியிருக்கிறேன். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும், விருந்து யாருடைய மண்ணில் நடைபெறுகிறது என்று நாம் வினவுவதில்லை. அவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது, கென்யா நாட்டுக் காட்டு விடுதி ஒன்றின் வரலாறு.

நையேரி நகரில் விடுதி நடத்திவந்த எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்பார், 1932-இல் அருகிலுள்ள ஆபர்டேர் காட்டில், பெரிய அத்தி மரமொன்றின்மேல் சிறு குடில் அமைத்தார். அதன் பெயர் ட்ரீடாப்ஸ். கீழே நீர்நிலை, கரையில் உப்பு. இவற்றை நாடி யானையும் காண்டாமிருகமும் வரும். விருந்தினர் ஏணியேறி, மேலிருந்தபடியே அவற்றைக் கண்டு களிப்பர்.

காட்டில் விருந்தோம்பும் முறையே வேறு. ஊரில் விருந்தென்றால் மேளமும் ஆரவாரமும் உண்டு. அங்கோ, அமைதியே முதல் உபசாரம். ஒரு தும்மல் போதும், விலங்குகள் விலகிவிடும். கடைத்தெரு இல்லை, வேண்டியன யாவும் நகரிலிருந்தே செல்லவேண்டும்.

1952 பிப்ரவரி 5-ஆம் நாள் இளவரசி எலிசபெத் தம் கணவருடன் அங்குத் தங்கினார். உடனிருந்து காவல் புரிந்தவர் ஜிம் கார்பெட். நைனிடாலில் பிறந்து, ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்று, 1947-இல் கென்யாவில் குடியேறியவர் அவர். அவ்விரவில் இங்கிலாந்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். இளவரசியாக ஏறியவர் அரசியாக இறங்கினார் என்று உலகம் வியந்தது.

ஆனால், அந்த விருந்தில் மண்ணின் மைந்தரான கிக்குயு மக்களுக்கு என்ன இடம்? பணியாளர் என்ற இடமே! அவர்தம் வளமான நிலங்கள் பல வெள்ளையர் கைக்குச் சென்றிருந்தன. அத்தி மரமோ அவர்களுக்குப் புனிதமானது. 1952 அக்டோபரில் அங்கு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1954-இல் மௌ மௌ கிளர்ச்சியாளர் அக்குடிலை எரித்தனர். 1957-இல் புதிய விடுதி எழுந்தது. 1963 டிசம்பர் 12-இல் கென்யா விடுதலை பெற்றது. 1983-இல் எலிசபெத் அரசியார் மீண்டும் கென்யா சென்றார். இம்முறை அவரை வரவேற்றது விடுதலை பெற்ற கென்யா. அதுவன்றோ உண்மையான விருந்து!

நண்பர்களே, இதை ஏன் எழுதுகிறேன்? சென்ற பொங்கலன்று நம் விடுதியில் இலை போட்டு உண்டோம். இருநூறு பேர் உண்டெழுந்த பின், சமைத்த உள்ளூர்த் தோழர்களுக்குப் பாயசம் மிஞ்சவில்லை. பரிமாறும் பொறுப்பு என்னுடையது, குற்றமும் என்னுடையதே. அவர்கள் சிரித்துக்கொண்டே பாத்திரம் துலக்கினர்.

இம்மண்ணில் நாமே விருந்தினர். வரும் பொங்கலில் முதல் பந்தி அவர்களுக்கு, பரிமாறுவது நாம். இதைச் செய்த பிறகே விருந்தோம்பல் பற்றி மீண்டும் மேடையேறுவேன்.