காயப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பாதே

அன்புத் தங்கைக்கு,

பிரிக்பீல்ட்ஸ் விழாவில் உன் பறைக் குழு வாசிக்கப்போவதோடு, தொண்டூழியர் பொறுப்பும் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ‘எவருக்கும் பாகுபாடு காட்டாத விழா’ என்று பதாகை அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக அடி. அதற்கு முன் ஒரு கேள்வியை ஏற்பாட்டுக் குழுவில் வைத்துப் பேசி முடித்துவிடு. விழாவில் ஒருவர் இன்னொருவரை இழிவாகப் பேசினால், கையைப் போட்டால், விரட்டினால், அன்றிரவு பாதியில் வீட்டுக்குப் போகப்போவது யார்?

நம் விழாக்களில் பெரும்பாலும் அடிபட்டவர்தான் போகிறார். “கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும், நீ கிளம்பு” என்று கிராப் கார் பிடித்து ஏற்றிவிடுகிறோம். அக்கறையோடுதான் செய்கிறோம். ஆனால் கையைப் போட்டவன் கடைசிப் பாட்டு வரை நின்று ஆடிவிட்டுப் போகிறான். இந்த வழக்கத்தை உன் விழாவில் நீ மாற்ற வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

2015 தைப்பூசத்துக்கு முன்பு நடந்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பள்ளிப் பிள்ளை. பத்துமலைக்கு அடக்கமில்லாத உடையில் வரும் பெண்கள்மேல் சாயம் தெளிக்கப்போவதாக முகநூலில் ஒரு குழு கிளம்பியது. 1892 முதல் நம்மவர்கள் தைப்பூசத்துக்குக் கூடுகிற இடம் அது. கண்டனங்கள் எழுந்தன, காவல் துறை எச்சரித்தது. ஆனால் வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் நான் கேட்ட பேச்சு வேறு. சாயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் யார், அவனைத் தடுப்பது எப்படி என்று பேச வேண்டியவர்கள், ரவிக்கையின் முதுகு எத்தனை அங்குலம் இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மிரட்டியவன் ஒருபுறம் நிற்க, மிரட்டப்பட்டவளுக்கு அறிவுரை போனது.

அதற்கு நான்கு வருடம் முன்பு கோலாலம்பூரிலேயே இன்னொன்று நடந்தது. பாலின, பாலியல் சிறுபான்மையினரின் உரிமைகளைப் பேசிய ‘செக்சுவாலிட்டி மெர்டேகா’ விழா 2008இல் தொடங்கி, சென்ட்ரல் மார்க்கெட்டை ஒட்டிய அனெக்ஸ் காட்சிக்கூடத்தில் நடந்துவந்தது. 2011இல் வழக்கறிஞர் அம்பிகா ஸ்ரீநிவாசன் தொடக்கி வைப்பதாக இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. பொது ஒழுங்கைக் காரணம் காட்டி நவம்பரில் காவல் துறை விழாவைத் தடை செய்தது. ஆத்திரப்பட்டவர்கள் வெளியே இருந்தார்கள், கதவு சாத்தப்பட்டதோ உள்ளே கூட வேண்டியவர்களுக்கு. அந்த விழாவின் கருத்தோடு உன் குழுவில் எத்தனை பேர் ஒத்துப்போவார்கள் என்பது வேறு விஷயம். யாருக்கு ஆபத்தோ அவரையே அகற்றி ‘அமைதி’ காப்பது நம் நாட்டில் எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதைப் பார்.

உன் விழாவுக்கும் திருநங்கைகள் வருவார்கள். பிரிக்பீல்ட்ஸ் அவர்களுக்கும் பழகிய தெரு. மேடையில் கூப்பிட்டு மாலை போடுவதைவிட, கழிப்பறை வாசலில் எவரும் அவர்களை வழிமறிக்காமல் பார்த்துக்கொள்வது பெரிய மரியாதை. அனுமதி கேட்காமல் படம் எடுக்கவோ விழாப் பக்கத்தில் போடவோ விடாதே. முஸ்லிம் திருநங்கை ஒருவருக்கு அந்த ஒரு படமே ஷரியா வழக்காகத் திரும்பலாம்.

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது மலேசியப் பார்வையற்றோர் சங்கம்தான். 1951இல் உருவான சங்கம். அதன் பயிற்சி நிலையத்துக்கு வந்துபோகிறவர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும் தினமும் நடக்கிற நடைபாதைகளில் புடைப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள், பார்த்திருப்பாய். தீபாவளி நெருங்கும்போது ஒரு மாலை அந்தப் பக்கம் நின்று கவனி. கற்கள்மேல் கூடாரத்தின் இரும்புக் கால், அதை ஒட்டி முறுக்குக் கடையின் கேஸ் தோம்பு, அதன்மேல் சாய்த்து வைத்த அட்டைப் பெட்டிகள். வெள்ளைக் கைத்தடியோடு வருகிறவர் இரும்பில் தட்டி நிற்கிறார், கையால் தடவுகிறார், பிறகு கார்கள் போகிற ரோட்டில் இறங்கி நடக்கிறார். கடைக்காரர் கெட்டவர் அல்ல. “அண்ணே, பார்த்துப் போங்க” என்று அன்பாகக்கூடச் சொல்வார். அந்த மனிதர் தினமும் நடக்கிற வழியை விழா பறித்துக்கொண்டது என்பது மட்டும் எவருக்கும் உறைப்பதில்லை. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 முதல் இருந்தாலும் மீறியவருக்குத் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. ஆகவே நீதான் சாக்பீஸோடு போக வேண்டும். கூடாரம் போடுகிற நாளுக்கு முன்பே அந்தக் கற்களின் இருபுறமும் கோடு போட்டு, மாநகராட்சி மன்றத்திடம் கொடுக்கும் கடை வரைபடத்திலும் அதைக் குறித்துவிடு. சங்கத்திலிருந்து யாராவது ஒருவரை அழைத்து அவரோடு நடந்து பார். வரைபடம் காட்டாததை அவர் கைத்தடி காட்டிவிடும்.

இனி உதவி மேசை. இதை மேடை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதே. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்தவள் நீ, உறுமிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அழுதுகொண்டு வருகிறவள் தனக்கு நடந்ததைக் கத்திச் சொல்லும்படி ஆகும். வெளிச்சமான இடமாக, பின்னால் மறைப்புள்ள நாற்காலிகளோடு, கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கட்டும். எந்த நேரமும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். தமிழ், மலாய் இரண்டும் தெரிந்தவர்கள். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வரை அவர்கள் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் தொல்லை அதிகம் நடப்பது கூட்டம் கலையும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

மேசைக்கு வருகிறவரிடம் முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு காது கொடுங்கள். “நீ ஏன் அங்கே போனாய்” என்ற கேள்வி எந்த வடிவத்திலும் வரக் கூடாது. “இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்” என்று கேளுங்கள். தோழியோடு மறுபடி போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பார் ஒருவர், அந்த ஆள் வெளியே போக வேண்டும் என்பார் இன்னொருவர். அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லிலேயே, நேரத்தோடு எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் யார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் தீர்ப்பாயம் 2024 மார்ச் முதல் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமல் ஒருவர் தாமே முறையிடலாம், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கிடைக்க வழி உண்டு. மேசையில் எழுதி வைத்த அந்தத் தாள் அங்கே சாட்சியாக உதவும். பெரியவர்கள் விஷயத்தில் காவல் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, நீ தள்ளாதே, தடுக்கவும் செய்யாதே. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் கதை வேறு. 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘விழாப் பெயர் கெட்டுவிடும்’ என்று எந்தத் தலைவர் சொன்னாலும் இதில் நீ அசையக் கூடாது. நடனப் பள்ளிப் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குள் போகக் கூடியவர்கள் யார் யார் என்று கதவிலேயே ஒட்டு. உடலில் காயம் என்றால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒருமுனை நெருக்கடி மையம் உண்டு, கோலாலம்பூர் மருத்துவமனையில் 1990களில் தொடங்கிய ஏற்பாடு. தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. இதைத் தொண்டூழியர் எல்லாரும் கைபேசியில் சேமித்து வைக்கட்டும்.

இனத்தையும் நிறத்தையும் சொல்லி இழிவுபடுத்துவதற்கு இப்படி ஒரு தீர்ப்பாயம் நமக்கு இல்லை. அரசியலமைப்பின் 8ஆவது விதி மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்று பேசுகிறது, 2001இல் பாலினமும் சேர்ந்தது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது, ஒரு விழாக் குழுவையோ மைக் பிடித்தவரையோ அல்ல. இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையையும் 2018இல் நம் அரசாங்கம் ஏற்க மறுத்துவிட்டது. அதனால் அங்கே உன் குழு எழுதும் விதிதான் சட்டம்.

அறிவிப்பாளரிடமிருந்து தொடங்கு. கிள்ளானில் ஒரு மேடையில் ஆடி முடித்து வணங்கி நின்ற சிறுமியைப் பார்த்து, “லைட்டைப் போடுங்கப்பா, பிள்ளை தெரியல” என்றார் மைக் பிடித்தவர். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு மேடைக்குப் பின்னால் கண்ணாடி முன் உட்கார்ந்து, வேர்வையில் கலைந்திருந்த முகப்பூச்சின் மேல் இன்னொரு பூச்சு அப்பிக்கொண்டிருந்தாள். அவள் ஆட வேண்டிய உருப்படி எதுவும் பாக்கி இல்லை. இப்படி நடந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அதே மைக்கில் மன்னிப்பு வர வேண்டும். மறுத்தால் மைக் கைமாற வேண்டும். இதை அவரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு.

முடிதிருத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கிற தமிழ்நாட்டுத் தம்பிகள், நேபாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் எல்லாரும் தங்கள் ஒரே ஓய்வு நாளில் வருவார்கள். வாசலில் அவர்களுடைய பையை மட்டும் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். தொண்டூழியர் எவரும் எவரிடமும் பாஸ்போர்ட் கேட்கக் கூடாது.

உன் பறை விஷயத்துக்கு வருகிறேன். குத்துவிளக்கு ஏற்றும்போது வேண்டாம், ‘அது சாவு மேளம்’, பிறகு அடிக்கட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னாராம். படித்ததும் எனக்கு நெஞ்சு கொதித்தது. சாதிக்கு நம் தோட்டத்து லயங்களிலும் இடமிருந்தது, அடுக்குமாடி வீட்டுக்கும் அது கூடவே வந்திருக்கிறது. 2020 மார்கழியில் சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்று மேடை போட்டுப் பறையையும் கானாவையும் மார்கழி இசையாக நிறுத்தியது. கோலாலம்பூரிலும் அது ஆகக் கூடியதுதான். ஆனால் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ அல்ல. அவமானத்தையும் தாங்கிக்கொண்டு அதற்கு விளக்கமும் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய அநியாயம். குழுத் தலைவர் எழுந்து சொல்லட்டும். அவர் வாய் திறக்காவிட்டால் எனக்குச் சொல், நான் வந்து பேசுகிறேன்.

பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு மாலை நிகழ்ச்சி வைத்துவிட்டால் தொல்லையே இருக்காதே என்றும் கேட்டிருந்தாய். சுவீடனில் செய்து பார்த்தார்கள். பிரோவல்லா இசை விழாவில் பாலியல் குற்றங்கள் நடந்த பிறகு, 2018இல் கோத்தன்பர்க்கில் ‘ஸ்டேட்மெண்ட்’ என்று ஆண்கள் வரக் கூடாத ஒரு விழா நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பயமில்லாமல் பாட்டுக் கேட்டார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறிவிப்பே பாகுபாடு என்று அந்நாட்டுப் பாகுபாட்டு எதிர்ப்பு அதிகாரி அதே வருடம் முடிவு சொன்னார். அவசரத்துக்கு அது சரி. ஆனால் பொது விழாவை அடுத்த வருடமும் அதே ஆட்களிடம் விட்டுவிட்டு நாம் மட்டும் வேறு இடம் தேடிப் போவது எனக்குச் சம்மதம் இல்லை.

கடினமான நேரம் ஒன்று வரும். புகார் நன்கொடையாளர்மேல் இருக்கும், அல்லது பிள்ளைகள் காலில் விழுந்து வணங்குகிற ஆசான்மேல். அப்போது தொண்டூழியர் கையைப் பிசைவார்கள், ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார்கள். எவரை வேண்டுமானாலும் அன்றே வெளியேற்றும் அதிகாரத்தை விழாவுக்கு முன்பே ஒருவருக்கு எழுத்தில் கொடுத்து, தலைவர், பொருளாளர் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள். அந்த ஒருவர் நன்கொடையாளருக்கு உறவாக இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடத் தயங்கினால், எதற்காகத் தயங்குகிறார்கள் என்று கூட்டத்திலேயே கேள். கூட்டம் எப்போது என்று சொல், அதற்குள் விதிகளின் வரைவை எனக்கு அனுப்பு. மலாய்ப் பிரதியை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
கிள்ளான் அக்கா