மறுத்தோரும் முயன்றோரும்

எம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆங்கிலம் எழுதுவோர் ‘டாங்க்’ என்றால் அது கண்மாயையே குறிக்கும். அப்பெயரே இரும்புக் கவசம் பூண்ட போர்வண்டிக்கும் வழங்குகின்றது. 1915-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அவ்வண்டியை மறைவாகச் செய்தபொழுது, நீர்த்தொட்டியென்று பிறர் கருதுமாறு அப்பெயரை இட்டனர். போர்வண்டியின் கதையும் எம் பள்ளத்தாக்கு நீரின் கதையும் ஒருபுடை ஒத்திருத்தலை ஈண்டு ஆராய்வோம்.

1912-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியரான டி மோல் என்பார் இத்தகைய வண்டியின் வரைபடத்தை இங்கிலாந்துப் போர்த்துறைக்கு அனுப்பினார், அஃது ஏற்கப்படவில்லை. 1914-இல் பொறியியற்படை அதிகாரியான ஸ்விண்டன், முள்வேலியையும் இயந்திரத் துப்பாக்கியையும் வெல்ல இவ்வண்டி வேண்டுமென்றார். குதிரைப்படையை நம்பி வளர்ந்த மேலதிகாரிகள் ஊக்கங் காட்டிற்றிலர். கடற்படை அமைச்சராயிருந்த சர்ச்சிலே 1915 பிப்ரவரியில் ஒரு குழுவை அமைத்து அதற்கு உயிரளித்தார். 1916 செப்டம்பர் 15-ஆம் நாள் சோம் களத்திற்கு 49 வண்டிகள் குறிக்கப்பட்டன. பல, போர் தொடங்குமிடத்தை அடையுமுன்னரே பழுதுற்றன. ஐயுற்றோர்க்கு அது சான்றாயிற்று. ஆயினும் 1917 நவம்பர் 20-இல் கம்ப்ரே களத்தில் நானூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒருங்கே சென்று பகைவரின் அரணைப் பிளந்தன.

இனிப் பெரியாற்றை நோக்குவோம். மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் அந்நீரைக் கிழக்கே திருப்பலாமென்னும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்தது. 1808-இல் அதனை ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் என்னும் பொறியியற்படை அதிகாரி, அது கைகூடாக் கற்பனையென்று முடிவு கூறினார். (இவர் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் ஐயர் அல்லர்.) 1876 முதல் 1878 வரை மதுரைச் சீமையைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிற்று. 1887-இல் பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பெற்றது. ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கத்தின் வழியே நீர் வந்து, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைகின்றது. பென்னிகுவிக்கும் பொறியியற்படையினரே. மறுத்தவரும் முடித்தவரும் ஒரே தொழிலினர் என்பது கருதத்தக்கது.

ஆயின் மறுத்தோர் அறிவிலிகளோ? அல்லர். பாறை பிளக்கும் டைனமைட்டு 1867-இலேதான் தோன்றிற்று. 1808-இல் அம்மலையைக் குடைதல் எளிதன்று. முதல் வண்டிகள் பழுதுற்றதும் மெய்யே. ‘இன்று இயலாது, இன்னது குறைவு’ எனல் அறிவுடைமை. ‘என்றும் எண்ணற்க’ எனல் பிழை. முன்னது பின்வருவோர்க்குப் பணியைக் காட்டும்; பின்னது கதவை அடைக்கும். அத்தாமதத்தின் விலையை மறுத்த அதிகாரிகள் கொடுத்தாரல்லர்; முள்வேலியில் வீழ்ந்த போர்வீரனும் பஞ்சத்தில் மடிந்த உழவனுமே கொடுத்தனர்.

போர்வண்டி உயிர் கொல்வது, அணை உயிர் வளர்ப்பது. ஆதலின் இவ்வொப்புமை முயற்சியளவில் நிற்பதே. லோயர் காம்பில் பென்னிகுவிக்கிற்கு 2013-இல் மணிமண்டபம் எழுந்தது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாளில் எம் ஊரார் பொங்கலிட்டு அவரை நினைக்கின்றனர். போர்வண்டியை ஆக்கினோர்க்கு எவ்வூரிலும் பொங்கலிடுவார் இலர். ஆதலின் மாணவராகிய நாம், புதியதொன்றைக் காணுங்கால், இயலுமா என்பதனோடு யாருக்குப் பயன்படும் என்பதனையும் வினவி, அதன்பின் விடை கூறுதலே தக்கது.